வெளிநாட்டுக் கூட்டு நிறுவனங்களும் நம் பட்டறைகளின் கைநுட்பமும்

மலேசியாவில், பினாங்கிலும் அண்டையிலுள்ள கூலிமிலும் புதிய ஆலைகளுக்கான அறிவிப்புகள் சில ஆண்டுகளாக அடுத்தடுத்து வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வோர் அறிவிப்பிலும் முதலில் முதலீட்டுத் தொகை இருக்கும். அடுத்து எத்தனை பேருக்கு வேலை என்ற கணக்கு இருக்கும். கடைசியாக, உள்நாட்டு நிறுவனங்களுக்குத் தொழில்நுட்பப் பரிமாற்றம் நடைபெறும் என்று ஒரு வரி இருக்கும். முதலீட்டையும் வேலை வாய்ப்பையும் பின்னர் யாராவது கணக்கெடுத்துப் பார்க்கிறார்கள். அந்தக் கடைசி வரி நிறைவேறியதா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பாயான் லெப்பாஸிலுள்ள ஒரு பன்னாட்டுத் தொழிற்சாலையில், உதிரிபாகங்கள் செய்து தரும் உள்ளூர்ப் பட்டறைகளின் தரத்தைக் கண்காணிக்கும் பிரிவில் நான் பணிபுரிகிறேன். பிறை, புக்கிட் மெர்தாஜம், சிம்பாங் அம்பாட் ஆகிய இடங்களிலுள்ள பட்டறைகளுக்குச் சென்று வருவதே என் அன்றாட வேலை. அந்த வேலை எனக்கு ஓர் உறுதியான கருத்தைத் தந்திருக்கிறது. ஒரு நிறுவனத்தில் உள்நாட்டவருக்கு எத்தனை விழுக்காடு பங்கு இருக்கிறது என்பதை வைத்துக் கைநுட்பம் வந்துவிடுவதில்லை. வெளிநாட்டு ஆலை தன் அன்றாட உற்பத்திக்கு ஓர் உள்ளூர்ப் பட்டறையை நம்பியே ஆக வேண்டிய நிலை எங்கே ஏற்படுகிறதோ அங்கேதான் அது கைமாறுகிறது. கற்றவர்கள் இந்த நாட்டிலேயே அத்தொழிலில் நீடிக்கும்போதுதான் அது நிலைக்கிறது.

கைநுட்பம் என்று எதைச் சொல்கிறேன் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியாக விளக்கிவிடுகிறேன். எஃகுத் துண்டொன்றை 100 மில்லிமீட்டர் நீளத்துக்குக் கடைந்து தர வேண்டும், கூடுதலோ குறைவோ 0.01 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று வரைபடம் சொல்கிறது. அளவீட்டுக்கான அனைத்துலக அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி. எந்திரத்திலிருந்து அப்போதுதான் இறங்கிய துண்டு, அளக்கும் கருவியைவிட 12 டிகிரி சூடாக இருந்தால், அந்தச் சூட்டில் மட்டுமே அது ஏறத்தாழ 0.014 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். அனுமதிக்கப்பட்ட வேறுபாட்டைவிட இது அதிகம். பட்டறையில் சரி என்று கண்ட துண்டு, குளிரூட்டப்பட்ட அளவை அறைக்கு வந்ததும் குட்டையாகிப் போய் நிராகரிக்கப்படும். துண்டை எவ்வளவு நேரம் ஆறவிட வேண்டும், அளவைக் கருவியை எங்கே வைத்திருக்க வேண்டும், காலை வேலைக்கும் பிற்பகல் வேலைக்கும் எந்திரத்தை எவ்வாறு மாற்றியமைக்க வேண்டும் என்பவையெல்லாம் வரைபடத்தில் இருப்பதில்லை. தொழில்நுட்ப உரிம ஒப்பந்தத்திலும் இருப்பதில்லை. அவை செய்து பழகியவரின் பக்கத்தில் நின்று, தவறிய துண்டுகளை ஒன்றாகப் பார்த்துப் பேசித்தான் வருகின்றன. தகடு வெட்டும் அச்சுகளுக்கும், அதாவது நாங்கள் டை என்று சொல்வதற்கும், இது பொருந்தும். மேலச்சுக்கும் கீழச்சுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டால் ஓரத்தில் பிசிறு வராது, எத்தனை ஆயிரம் அடிக்குப் பிறகு தீட்ட வேண்டும் என்பது ஒவ்வோர் உலோகத்துக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும்.

பினாங்கின் கதை இந்தக் கருத்துக்கு ஏற்ற இடத்தில் தொடங்குகிறது. 1969இல் இத்தீவு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது; துறைமுகத்தை நம்பியிருந்த வணிகம் சரிந்தது; வேலையில்லாமை கடுமையாக இருந்தது. அதே ஆண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயு, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்து, வெளிநாட்டு மின்னணு நிறுவனங்களைத் தேடிப் போனார். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் உருவானது. இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், லிட்ரோனிக்ஸ், நேஷனல் செமிகண்டக்டர், கிளாரியன், ஹிட்டாச்சி, பாஷ் என முதலில் வந்த எட்டு நிறுவனங்களையும் இன்றும் இங்கே எட்டு சாமுராய்கள் என்றே குறிப்பிடுகிறார்கள். அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் அமைத்த முதல் ஆலை பினாங்கு ஆலைதான்.

இங்கே கவனிக்க வேண்டியது உரிமை பற்றிய விதி. 1975ஆம் ஆண்டின் தொழில் ஒருங்கிணைப்புச் சட்டத்தின் காலத்தில், உள்நாட்டுச் சந்தைக்காக உற்பத்தி செய்ய வரும் வெளிநாட்டவர் மலேசியப் பங்காளிகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. உற்பத்தியில் பெரும்பகுதியை ஏற்றுமதி செய்தவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே பாயான் லெப்பாஸுக்கு வந்த மின்னணு ஆலைகள் பெரும்பாலும் முழு வெளிநாட்டு உடைமையாகவே இருந்தன; கார்த் தொழிலோ கூட்டு நிறுவனங்களாக வளர்ந்தது. ஒரே நாட்டில், ஏறக்குறைய ஒரே காலத்தில், இரண்டு வழிகளும் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. எந்த வழியில் எது கைமாறியது என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைப்பது அரிது.

மின்னணு ஆலைகளில் தொடக்கத்தில் எல்லாமே வெளியிலிருந்து வந்தன. எந்திரம், அச்சு, துண்டைப் பிடித்து வைக்கும் ஜிக், மாற்று உதிரி என அனைத்தும் கப்பலிலோ விமானத்திலோ வர வேண்டும். ஒரு சிறிய ஜிக் உடைந்துவிட்டால் புதியது வரும்வரை உற்பத்தி வரிசை காத்திருக்க முடியாது. அதுவரை வெள்ளீயச் சுரங்கங்களுக்கும், அரிசி ஆலைகளுக்கும், படகுகளுக்கும் பழுதுபார்த்துக் கொண்டிருந்த உள்ளூர் லேத் பட்டறைகளை நோக்கி ஆலையின் கருவிக்கூடத்து ஆட்கள் நடந்தார்கள். முதலில் உடைந்ததைப் போலவே ஒன்று செய்து தரச் சொன்னார்கள். பிறகு வரைபடம் கொடுத்துச் செய்யச் சொன்னார்கள். அதற்கும் பிறகு, இந்த வேலைக்கு எப்படிப்பட்ட ஜிக் பொருத்தமாக இருக்கும் என்று பட்டறைக்காரரையே கேட்டார்கள். மூன்றாவது கட்டத்துக்கு வந்த பட்டறைதான் உண்மையில் கற்ற பட்டறை. 1974இல் சிறிய பட்டறையாகத் தொடங்கிய எங் டெக்னாலஜி, பின்னாளில் கணினி ஹார்ட் டிஸ்க்கில் படிக்கும் முனையை நகர்த்தும் ஆக்சுவேட்டரின் நுண்ணிய பாகங்களை உலக நிறுவனங்களுக்குச் செய்து தரும் அளவுக்கு உயர்ந்தது.

மறுபக்கத்தில், ஆலைக்குள் பயின்றவர்கள் வெளியே வந்தார்கள். 1991இல் தொடங்கப்பட்ட குளோப்டிரானிக்ஸ் இன்டெலில் பணியாற்றியவர்களின் முயற்சி. 2000இல் தொடங்கப்பட்ட விட்ராக்ஸ், ஹியூலெட் பேக்கார்ட் மரபில் பயின்ற இரு பொறியாளர்களுடையது. சில்லுகளையும் மின்சுற்றுப் பலகைகளையும் கேமரா கொண்டு சோதிக்கும் எந்திரங்களை அது உருவாக்கி ஏற்றுமதி செய்கிறது. இந்த நிறுவனங்களைப் பயிற்றுவித்த ஆலைகள் எவற்றிலும் மலேசியருக்குப் பங்கு இருந்தாக வேண்டும் என்ற விதி இருக்கவில்லை. அவற்றில் மலேசியப் பொறியாளர்கள் மேற்பொறுப்புகளுக்கு வந்தார்கள், கொள்முதல் முடிவுகளை அவர்களே எடுத்தார்கள், வெளியே சென்ற தம் பழைய சகாக்களை நம்பி முதல் ஆர்டரைக் கொடுத்தார்கள். அந்த முதல் ஆர்டரின் மதிப்பைத் தொழில் நடத்தியவர்கள் அறிவார்கள். 1989இல் அமைந்த பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். ஒன்றோடொன்று போட்டியிடும் நிறுவனங்கள் மாநில அரசோடு சேர்ந்து, பொதுவான ஓர் இடத்தில் எந்திரங்களை வைத்து, தம் ஆட்களுக்கும் உள்ளூர் நிறுவனங்களின் ஆட்களுக்கும் பயிற்சி கொடுத்த ஏற்பாடு அது.

புக்கிட் மெர்தாஜத்தில் நான் அடிக்கடி செல்லும் ஒரு பட்டறையின் கருவிக்கூடத்துக்குத் தலைவராக இருப்பவர் நம்மவர். தோட்டத்தில் பிறந்து, இளம் வயதில் பிறையிலுள்ள ஒரு ஜப்பானிய ஆலையின் கருவிக்கூடத்தில் உதவியாளாகச் சேர்ந்தவர். அங்கே கற்றவற்றில் இன்றும் பயன்படுவது எது என்று அவரிடம் கேட்டேன். "தம்பி, டை உடஞ்சா உடனே கழட்டக்கூடாது. மொதல்ல படம் புடிச்சி, எத்தனையாவது அடியில உடஞ்சது, எந்தப் பக்கம் உடஞ்சது, அன்னிக்கி எந்தக் கட்டுத் தகடு ஓடுச்சின்னு எழுதணும். அந்த ஜப்பான்காரரு இதத்தான் வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டே இருந்தாரு. அப்பல்லாம் எரிச்சலா இருக்கும்" என்றார். அவருடைய பட்டறையில் அப்படி எழுதிய குறிப்பேடுகள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. புதிய டை செய்வதற்கு முன் அவர் அந்தப் பழைய குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்க்கிறார். ஆண்டறிக்கைகளில் தொழில்நுட்பப் பரிமாற்றம் என்று எழுதப்படுவதை நான் கண்ணால் பார்த்த இடங்களுள் அந்த அலமாரிக்கு முதலிடம் கொடுப்பேன்.

இனிக் கார்த் தொழிலுக்கு வருகிறேன். 1983இல் தேசியக் கார் நிறுவனமான புரோட்டோன் அமைக்கப்பட்டபோது, அரசின் ஹைகாம் நிறுவனத்திடம் 70 விழுக்காடும், மிட்சுபிஷி மோட்டார்ஸ், மிட்சுபிஷி கார்ப்பரேஷன் ஆகிய இரண்டிடமும் தலா 15 விழுக்காடும் இருந்தன. 1985 ஜூலையில் வெளிவந்த அதன் முதல் காரான சாகா, மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டது. உரிமை மலேசியாவிடம், வடிவமைப்பும் எஞ்சினும் ஜப்பானிடம் என்ற நிலையில் அத்தொழில் தொடங்கியது. பங்கில் பெரும்பான்மை இருந்தும், எஞ்சினின் உள்ளறிவு எளிதில் கைக்கு வரவில்லை. விற்பனை சரிந்து நெருக்கடி ஏற்பட்டபோது, 1988இல் நிர்வாகப் பொறுப்பே மிட்சுபிஷியிலிருந்து வந்த கென்ஜி இவாபுச்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. தன் சொந்த எஞ்சினைச் செய்ய விரும்பிய புரோட்டோன், கூட்டாளியின் வழியாக அல்லாமல், 1996இல் பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை வாங்கி அதன் பொறியாளர்களோடு சேர்ந்தே அந்த இலக்கை அடைந்தது. கேம்புரோ எஞ்சின் 2004இல் ஜென்-2 காரில் வந்தது. அதே ஆண்டு மிட்சுபிஷி மோட்டார்ஸ் தன் பங்கை விற்றுவிட்டு வெளியேறியது. உலகில் கார் செய்யும் நாடுகள் பலவற்றால் செய்ய முடியாததைப் புரோட்டோனின் பொறியாளர்கள் செய்தார்கள் என்பதை நான் மரியாதையோடு குறிப்பிடுகிறேன். புரோட்டோனே வடிவமைத்த வாஜா காரும் கேம்புரோ எஞ்சினும் நம் நாட்டில் வடிவமைப்பாளர்களின் ஒரு தலைமுறையையே உருவாக்கின.

ஆனால் உதிரிபாகப் பட்டறைகளின் நிலை வேறாக இருந்தது. 1988இல் தொடங்கிய புரோட்டோன் உதிரிபாகத் திட்டம், புதிய உள்ளூர் நிறுவனங்களை உருவாக்கி, ஒரு பாகத்தை ஒரே நிறுவனத்திடமிருந்து வாங்கும் முறையை வளர்த்தது. தொடக்க ஆண்டுகளில் அது தேவையான பாதுகாப்பாகவே இருந்தது. ஜப்பானிய உதிரிபாக நிறுவனங்களோடு தொழில்நுட்ப ஒப்பந்தம் செய்துகொள்ளவும் அவர்களுக்கு வழி அமைத்துக் கொடுத்தார்கள். ஆயினும், ஆர்டர் எப்படியும் வரும் என்று தெரிந்த பட்டறைக்கு விலையைக் குறைக்கவும் கழிவைக் குறைக்கவும் நெருக்கடி இல்லை. உள்நாட்டுக் கார்களின் எண்ணிக்கை சிறியது என்பதால், விலையுயர்ந்த அச்சின் செலவைப் பல இலட்சம் பாகங்களில் பகிர்ந்துகொள்ளவும் வழியில்லை.

1993இல் அமைந்த இரண்டாவது தேசியக் கார் நிறுவனமான பெரோடுவா வேறு பாதையில் சென்றது. ஜப்பானின் தைஹாட்சு நிறுவனத்தின் மீரா காரை அடிப்படையாகக் கொண்ட கஞ்சில் 1994இல் வந்தது. 2001இல் பெரோடுவாவின் உற்பத்திப் பிரிவில் ஜப்பானியத் தரப்பு 51 விழுக்காட்டைப் பெற்றது. அன்று பலர் இதைத் தேசிய இழப்பாகப் பார்த்தார்கள். அந்த உணர்வு எனக்குப் புரிகிறது. ஆனால் விளைவு வேறு விதமாக அமைந்தது. ஆலையின் வேலை முறைக்குத் தானே பொறுப்பு என்று ஆனபின், தைஹாட்சு தன் உற்பத்தி ஒழுங்கைப் பட்டறைகள்வரை கொண்டு சென்றது. கையிருப்பை எப்படிக் குறைப்பது, அச்சை எத்தனை நிமிடத்தில் மாற்றுவது, குறையுள்ள துண்டு அடுத்த கட்டத்துக்குப் போகாமல் எங்கே நிறுத்துவது என்பவற்றை ஆட்களை அனுப்பியே கற்பித்தது. 2005இல் வந்த மைவி, எண்ணிக்கையைப் பெருக்கியது. 2014இல் வந்த அக்சியாவில் உள்நாட்டுப் பாகங்கள் 90 விழுக்காட்டைத் தாண்டின. உரிமையின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்த நிறுவனத்தின் வழியாக, உள்நாட்டுப் பட்டறைகளுக்கு ஆழமான உற்பத்தி ஒழுங்கு கிடைத்தது. வடிவமைப்பு அறிவில் புரோட்டோன் முன்னே சென்றது. அன்றாட உற்பத்தி அறிவைப் பரப்புவதில் பெரோடுவா முன்னே சென்றது என்பதே என் மதிப்பீடு. இவற்றுள் ஒன்றைக் காட்டி மற்றதை மட்டம் தட்டுவது நியாயமாகாது. இரண்டும் நாட்டுக்கு வேண்டியவை.

பொருளாதார ஆய்வாளர்களும் இதே கேள்வியைப் புள்ளிவிவரங்களோடு ஆராய்ந்திருக்கிறார்கள். வெனிசுவேலாவின் ஆலைகளை ஆராய்ந்து பிரயன் எய்ட்கனும் ஆன் ஹாரிசனும் 1999இல் வெளியிட்ட முடிவு, நம்பிக்கையோடு இருந்தவர்களுக்குக் கசப்பாக இருந்தது. ஒரு துறையில் வெளிநாட்டு முதலீடு பெருகியபோது, அதே துறையிலிருந்த உள்நாட்டு ஆலைகளின் உற்பத்தித் திறன் குறைந்தது. வந்தவர்கள் அவற்றின் வாடிக்கையாளர்களைப் பறித்ததே காரணமாகத் தோன்றியது. லிதுவேனியாவை ஆராய்ந்த பெயாட்டா யாவோர்ச்சிக் 2004இல் வேறோர் இடத்தில் பயனைக் கண்டார். பக்கத்துப் போட்டியாளருக்கு அல்ல, வெளிநாட்டு நிறுவனத்துக்குப் பொருள் தரும் உள்நாட்டு நிறுவனத்துக்கே திறன் கூடியது. அதுவும் கூட்டு நிறுவனங்களின் விஷயத்தில்தான் தெளிவாகத் தெரிந்தது, முழு வெளிநாட்டு உடைமையில் தெரியவில்லை. உள்ளூர்ப் பங்காளிக்கு ஊரிலுள்ள பட்டறைகளைத் தெரியும் என்பதால் கூட்டு நிறுவனம் அதிகமாக உள்ளூரில் வாங்குகிறது என்பது இதற்கான விளக்கம். பினாங்கின் அனுபவம் இதற்கு முரணாகத் தோன்றலாம். நான் அப்படிக் கருதவில்லை. லிதுவேனியாவில் உள்ளூர்ப் பங்காளி செய்த வேலையைப் பினாங்கில் உள்ளூர்ப் பொறியாளரும் உள்ளூர்க் கொள்முதல் அதிகாரியும் செய்தார்கள். யாருக்கு ஊர் தெரிகிறதோ அவரிடம் முடிவெடுக்கும் அதிகாரம் இருந்தால், பங்குப் பத்திரத்தில் அவர் பெயர் இல்லாமலே பாலம் அமைந்துவிடுகிறது.

சீனாவின் கதை இதையே பெரிய அளவில் காட்டுகிறது, நம் நாட்டோடும் வந்து இணைகிறது. 1985இல் ஷாங்காயில் வோக்ஸ்வாகன் கூட்டு நிறுவனம் சந்தானா காரைச் செய்யத் தொடங்கியபோது, உள்நாட்டுப் பாகங்கள் 3 விழுக்காட்டையும் எட்டவில்லை. ஷாங்காய் நகர அரசு, விற்கும் ஒவ்வொரு காரிலிருந்தும் ஒரு தொகையைப் பிரித்து, பட்டறைகளை மேம்படுத்தும் நிதியாக வைத்தது. ஜெர்மானியத் தர அளவை எட்டாத பாகத்தை வோக்ஸ்வாகன் ஏற்கவில்லை. எட்டுவதற்கான செலவை நகரம் தாங்கியது. 1990களின் நடுப்பகுதிக்குள் உள்நாட்டுப் பாகங்கள் 80 விழுக்காட்டைத் தாண்டின. ஆனால் கூட்டு நிறுவனங்களில் பங்கு வைத்திருந்த பெரிய அரசு நிறுவனங்களைவிட, அந்த உறவுக்கு வெளியே இருந்த சிறிய நிறுவனங்களே துணிந்து சொந்தக் கார்களைச் செய்தன. அவற்றுள் ஒன்று ஜீலி. அது 1998இல் வெளியிட்ட முதல் கார், தியென்ஜினில் உரிமம் பெற்றுச் செய்யப்பட்ட சியாலியை ஒட்டியது. அந்த சியாலியோ தைஹாட்சு சரேடின் சீன வடிவம். 2010இல் வால்வோவை வாங்கிய அதே ஜீலி, 2017இல் புரோட்டோனில் 49.9 விழுக்காட்டைப் பெற்று, எக்ஸ்70 காரைத் தஞ்சோங் மாலிம் ஆலைக்குக் கொண்டுவந்தது. பெரோடுவாவுக்கு நேரடியாக வந்த தைஹாட்சுவின் அறிவு, தியென்ஜின் வழியாகச் சுற்றி, பல மடங்கு வளர்ந்து, புரோட்டோனின் வாசலுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இதைப் படித்தறிந்தபோது நான் அடைந்த வியப்பு இன்னும் குறையவில்லை.

வங்காளதேசத்தின் ஆடைத் தொழிலைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. தேஷ் கார்மென்ட்ஸ் நிறுவனம் கொரியாவின் டேவூவோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, 1979இல் 130 பேரைப் பூசான் நகருக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. டேவூவுக்கு அதில் பங்கு இல்லை. தொழில்நுட்பத்துக்கும் விற்பனைக்கும் விழுக்காட்டு முறையில் கட்டணம் மட்டுமே. சில ஆண்டுகளில் அந்த 130 பேரில் 115 பேர் தேஷை விட்டு வெளியேறினார்கள். பலர் சொந்த ஆலை தொடங்கினார்கள், மற்றவர்களைப் புதிய ஆலைகள் கூடுதல் சம்பளத்துக்கு அழைத்துக்கொண்டன. தேஷுக்கு அது இழப்புதான். ஆனால் ஒரே நாற்றங்காலிலிருந்து பறித்து நாடெங்கும் நட்ட நாற்றுகளைப் போல அவர்கள் பரவியதால்தான், வங்காளதேசம் உலகின் முன்னணி ஆடை ஏற்றுமதி நாடுகளுள் ஒன்றாயிற்று.

தமிழ்நாட்டிலும் இதன் தடயங்கள் உண்டு. மெட்ராஸில் 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, 1970 வாக்கில் இங்கிலாந்தின் தாய் நிறுவனம் மறைந்த பிறகும் புல்லட்டைச் செய்துகொண்டே இருந்தது. 1962இல் பிரிட்டனின் கிளேட்டன் டிவாண்டரேயோடு சேர்ந்து உருவான சுந்தரம் கிளேட்டன், தரத்துக்கான டெமிங் பரிசை 1998இல் ஜப்பானில் பெற்றது. தொழில்நுட்பம் பிரிட்டனுடையது, தர ஒழுங்கு ஜப்பானிடம் கற்றது, உழைத்தவர்கள் சென்னையின் பாடிப் பகுதித் தொழிலாளர்கள். கூட்டாளியிடம் இல்லாததை வேறிடத்தில் தேடிப் போகும் பசி அங்கே இருந்தது.

இன்று நம் பகுதியில் இந்தக் கைமாற்றம் எங்கே தடைப்படுகிறது என்பதையும் நேராகச் சொல்ல வேண்டும். பழைய காலத்தில் உள்நாட்டுப் பாகங்களை இத்தனை விழுக்காடு வாங்கியே ஆக வேண்டும் என்று அரசு கட்டளையிட முடிந்தது. 1995இல் நடப்புக்கு வந்த உலக வணிக அமைப்பின் முதலீட்டு விதிகள் அதைத் தடுத்தன. மலேசியா கூடுதல் அவகாசம் பெற்று, பின்னர் அந்த விதியைக் கைவிட்டது. இன்று புதிதாக வரும் பெரிய ஆலைகள் பல, தமக்குப் பழக்கமான வெளிநாட்டுச் சப்ளையர்களையும் கூடவே அழைத்து வருகின்றன. பினாங்கின் பத்துக் காவான் தொழிற்பேட்டையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெளிநாட்டு ஆலைகள் தமக்குள் வாங்கி விற்றுக்கொள்ளும்போது, பிறையிலுள்ள பட்டறைக்காரருக்கு அந்த வேலையின் வரைபடம்கூடக் கண்ணில் படுவதில்லை. கொள்முதல் முடிவு கடல் கடந்த தலைமையகத்தில் எடுக்கப்பட்டால், உள்ளூர்ப் பொறியாளர் எத்தனை திறமைசாலியாக இருந்தாலும் முதல் ஆர்டரைத் தன் விருப்பப்படி கொடுக்க முடியாது.

இன்னொரு தடை ஆட்களைப் பற்றியது. சிறிய பட்டறை ஒன்று ஓர் இளைஞனைச் சேர்த்து, கணினி இயக்கும் சிஎன்சி எந்திரத்தில் பழக்கி, வரைபடம் படிக்கக் கற்றுக்கொடுத்து ஆளாக்கும்போது, பன்னாட்டு ஆலை அவனுக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொள்கிறது. அங்கே அவன் இன்னும் அதிகமாகக் கற்றுத் திரும்பி வந்தால் நாட்டுக்கு நன்மை. பலர் சிங்கப்பூருக்குச் சென்றுவிடுகிறார்கள். எந்திரங்களை ஓட்டுவோரில் பலர் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கென ஒப்பந்தத்தில் வரும் நேப்பாள, வங்காளதேசச் சகோதரர்கள். அவர்களுடைய உழைப்பும் திறமையும் குறைத்துச் சொல்லத் தக்கவை அல்ல. ஆனால் கற்றுத் தேர்ந்த நேரத்தில் அவர்களை ஊருக்கு அனுப்பிவிடும் முறையை வைத்துக்கொண்டு, கைநுட்பம் இங்கே தங்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. இதே வேளையில், தோட்டங்களிலிருந்து வெளியேறி நிபோங் திபாலிலும் பட்டர்வொர்த்திலும் அடுக்குமாடிகளில் குடியேறிய நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர், கருவிக்கூடம் என்றொரு தொழில் இருப்பதையே அறியாமல், பொருள் விநியோகத்துக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார்கள். புக்கிட் மெர்தாஜத்து அண்ணனைப் போன்றவர்களுக்குப் பிறகு அந்தக் குறிப்பேடுகளைப் படிக்க யார் வருவார்கள் என்ற கவலை எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசியக் குறைக்கடத்தி வியூகத்துக்கு அரசு குறைந்தது 25 பில்லியன் ரிங்கிட் ஒதுக்குவதாகவும், 60,000 பொறியாளர்களைப் பயிற்றுவிப்பதாகவும் சொல்லப்பட்டது. 2025 மார்ச்சில் பிரிட்டனின் ஆர்ம் நிறுவனத்தோடு, பத்து ஆண்டுகளில் 250 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்துச் சில்லு வடிவமைப்பு உரிமங்களையும் பயிற்சியையும் பெற ஒப்பந்தம் கையெழுத்தானது. பங்கு கேட்காமல் அறிவுக்கே நேரடியாகப் பணம் கொடுக்கும் இந்த வழியை நான் வரவேற்கிறேன். டேவூவிடமிருந்து தேஷ் கற்றது ஏறக்குறைய இப்படித்தான். ஆனால் பொறியாளர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்து, அவர்கள் வரையும் எந்திரத்தைச் செய்து தரும் பட்டறைகளை விட்டுவிட்டால் பாதி வேலைதான் நடக்கும். ஷாங்காய் செய்ததுபோல, சலுகை பெறும் ஒவ்வொரு பெரிய ஆலையின் விற்பனையோடும் இணைத்து, உள்ளூர்ப் பட்டறைகளுக்கு அளவைக் கருவிகளும் முதல் அச்சுக்கான செலவும் வழங்கும் ஒரு நிதியைப் பினாங்கில் அமைக்கலாம். உள்நாட்டுப் பாகங்களை வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டளையாக இல்லாமல் பட்டறைக்குக் கொடுக்கும் உதவியாக அது இருந்தால், உலக வணிக விதிகளோடு பொருந்தும்படி அமைக்க வழி காணலாம் என்று நினைக்கிறேன். மேலும், வரிச் சலுகை பெற்ற ஒவ்வொரு நிறுவனமும், அது கூட்டு நிறுவனமானாலும் முழு வெளிநாட்டு உடைமையானாலும், எத்தனை உள்ளூர்ப் பட்டறைகளுக்கு அந்த ஆண்டு புதிய வரைபடங்கள் கொடுத்தது, அவற்றுள் எத்தனை தரச் சோதனையில் தேறின, தேறாதவற்றுக்கு யாரை அனுப்பி உதவியது என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். என் பிரிவைப் போன்ற ஒவ்வொரு தரப் பிரிவிலும் இந்தக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதைத் திரட்டி வெளியிடுவதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.